வேலிக்குள் அடங்காத நெருப்பு

கேள்வி: காந்தத்தின் துணையின்றி, மின்புலத்தைக் கொண்டே பிளாஸ்மாவை அடைத்து வைக்க இயலாதா?
– வாசகர் ஒருவர், தஞ்சோங் பகார், சிங்கப்பூர்

பதில்: மலாய் மொழியில் வேலிமுனை என்று பொருள்படும் ஊரிலிருந்து வேலியைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள், மிக்க மகிழ்ச்சி. பிளாஸ்மாவில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் எலெக்ட்ரான்களும் ஏறக்குறையச் சமமாகக் கலந்திருப்பதால், ஒன்றை இழுத்துப் பிடிக்கும் மின்புலம் மற்றதை விரட்டிவிடும்; அன்றியும், நிலைமின்புலம் தனித்து எந்த மின்துகளையும் ஓரிடத்தில் ஸ்திரமாக நிறுத்திவிடாது என்பதை எர்ன்ஷா என்னும் ஆங்கிலேய அறிஞர் 1842-லேயே நிரூபித்துவிட்டார். ஆயினும், தொலைக்காட்சியின் முன்னோடிகளுள் ஒருவரான ஃபார்ன்ஸ்வொர்த், துகள் நிற்கவே வேண்டாம், ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்னும் மார்க்கத்தைக் கைக்கொண்டார். வெற்றிடக் கலத்தின் நடுவே கோளவடிவான கம்பிக்கூண்டு ஒன்றை நிறுத்தி, அதற்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர்மின்னழுத்தம் அளித்தால், கன ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்தின் அயனிகள் நாற்புறமிருந்தும் மையத்தை நோக்கிப் பாய்ந்து, கூண்டை ஊடுருவி, மறுபுறம் சென்று மீண்டும் திரும்பும். அவற்றுள் மிகச் சில மோதி இணைந்து நியூட்ரான்களைத் தரும். அஸ்ஸாமில் சோனாப்பூரிலுள்ள பிளாஸ்மா பௌதிக மையத்தார் இத்தகைய சாதனத்தை அமைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அயனிகள் கம்பிகளிலேயே மோதிச் சக்தியை இழந்துவிடுவதால், செலவிட்ட மின்சாரத்தில் திரும்புவது அணுவளவே. எனினும், மேசைமேல் அடங்கும் நியூட்ரான் ஊற்று ஒன்று கிட்டுவதை நான் அருமையான பேறாகவே கருதுகிறேன்.