ஆபீஸ் போனில் கேமரா எதுக்கு, பாட்டு எதுக்கு?

பிளேஸ்மென்ட் சீசன் நடக்கிற நேரத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் சில்லறையாகத் தெரியலாம். வேலைக்காகக் கொடுக்கிற போனில் கேமரா, பாட்டு எல்லாம் இருக்கணுமா? ஜி.டி. ரவுண்டில் இந்தத் தலைப்பு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் "கவனம் சிதறும் சார்" என்று ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் "ஊழியர் சந்தோஷமா இருந்தாத்தான் சார் வேலை நடக்கும்" என்பார்கள். பத்து நிமிஷத்தில் பேனல் காபி குடிக்கப் போய்விடும்.

ஆனால் இன்னும் சில மாதத்தில் நம்மில் பலர் கையில் ஒரு கம்பெனி போன் இருக்கும். இல்லையென்றால் நம்ம சொந்த போனுக்குள்ளேயே கம்பெனியின் ஆப் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் மார்க்குக்காக இல்லாமல் நமக்காகவே இதைப் பேசிப் பார்ப்போம். என்னைக் கேட்டால் குழப்பம் தலைப்பிலேயே ஆரம்பிக்கிறது. பாட்டையும் கேமராவையும் "பொழுதுபோக்கு" என்று ஒரே பையில் போடுகிறோம். பாட்டு வெளியே இருந்து உள்ளே வருகிற விஷயம். கேமரா உள்ளே இருப்பதை வெளியே கொண்டு போகிற விஷயம். ஒரு ஆபீஸ் எதற்குப் பயப்படும், சொல்லுங்க?

இதைப் பழைய பிளாக்பெர்ரி மாடல்களிலேயே பார்க்கலாம். (நம்ம செட்டில் பாதிப் பேர் அதைக் கையில் தொட்டே இருக்க மாட்டோம்.) 2006 செப்டம்பரில் வந்த பேர்ல் 8100-தான் கேமரா வைத்த முதல் பிளாக்பெர்ரி. அதற்கு முன்பு வந்த எதிலும் கேமரா கிடையாது. அடுத்து 2007 தொடக்கத்தில் பெரிய கம்பெனிகளைக் குறிவைத்து 8800 என்ற மாடலை விட்டார்கள். அதில் ஜி.பி.எஸ். உண்டு, பாட்டு கேட்க மீடியா பிளேயர் உண்டு, மெமரி கார்டு போட இடம் உண்டு. கேமரா மட்டும் இல்லை! நோக்கியாவும் அப்படித்தான். 2006-ல் வந்த ஈ50 மாடலைக் கேமராவோடு ஒன்று, கேமரா இல்லாமல் ஒன்று என்று இரண்டு விதமாக விற்றார்கள். ஈ61-ல் கேமரா இல்லை. அடுத்த வருஷமே ஈ61ஐ என்று பெயரை ஒரு எழுத்து நீட்டி 2 மெகாபிக்சல் கேமராவோடு விட்டார்கள்.

அதே 2007-ல் ஐபோன் வந்தது. பாட்டு, கேமரா இரண்டும் உள்ளேயே. அதன் பிறகு "இது பிசினஸ் போன், இது ஜாலி போன்" என்ற கோடு மெல்ல அழிந்துபோனது. ஒரு பாக்கெட்டில் ஆபீஸ் போன், இன்னொரு பாக்கெட்டில் சொந்த போன் என்று எவ்வளவு நாள்தான் சுமப்பது? பிளாக்பெர்ரி தானே போன் தயாரிப்பதை 2016-ல் நிறுத்தியது. பழைய போன்களுக்கான சேவையும் 2022 ஜனவரி 4-ல் முடிந்தது. கேமராவால்தான் விழுந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் ஆபீஸுக்கு மட்டுமான போனை மக்கள் விரும்பவில்லை என்பது அதில் ஒன்று.

சரி, எது வேலை, எது கூடுதல் என்று யார் முடிவு பண்ணுவது? 2003-ல் வந்த நோக்கியா 1100-ஐ எடுத்துக்குங்க. கேமரா இல்லை, பாட்டு இல்லை. தலையில் ஒரு டார்ச் லைட் மட்டும். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. போனுக்கும் டார்ச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று ஏதாவது ஒரு ஏ.சி. ரூமில் கேட்டிருக்கலாம். குறிஞ்சிப்பாடி பக்கம் ராத்திரி மும்முனை கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வயலுக்குப் போகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்.

முதலில் பாட்டு

இதில் நம்ம பாடம் ஒன்று இருக்கிறது. போன் பேச்சுக்கான ஆடியோவை ஒரு நொடிக்கு 8,000 சாம்பிள் எடுத்தால் போதும். நைக்விஸ்ட் விதிப்படி 4 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அதில் வரும். மனுஷன் பேசுவது புரிய அது தாராளம். சி.டி. தரப் பாட்டுக்கு 44,100 சாம்பிள், அதுவும் இரண்டு சேனல். பழைய ஜி.எஸ்.எம். குரலுக்கு நொடிக்கு 13 கிலோபிட் போதும். சாதாரண எம்.பி.3 பாட்டுக்கே 128 வேண்டும். அது மட்டும் இல்லை, குரலைச் சுருக்கும் அந்த கோடெக் மனிதத் தொண்டை எப்படிச் சத்தம் எழுப்புகிறது என்ற மாடலை வைத்து எழுதப்பட்டது. கஸ்டமர் கேர் ஹோல்டில் போடுகிற மியூசிக் ஏன் இரும்பு டிரம்மில் தட்டுகிற மாதிரி கேட்கிறது என்று இப்போ புரியுதா? வயலினைத் தொண்டையாக நினைத்துக்கொண்டு அது படும் பாடு.

ஆக, ஒரு காலத்தில் போனில் பாட்டு சேர்ப்பது நிஜமாகவே கூடுதல் செலவு. நல்ல ஆடியோ சிப் வேணும், மெமரி வேணும், பேட்டரி வேணும். இன்று வீடியோ மீட்டிங், பயிற்சி வீடியோ எல்லாம் ஓட அதே சிப்பும் அதே மெமரியும் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் ஆவது ஒன்றும் இல்லை. கவனச் சிதறல்? பாட்டு ஓடினால் வேலை கெடும் என்கிறவர்கள் நம்ம ஊர்த் தறிக்கூடத்துக்கு வந்து பார்க்கணும். கைலி நெய்கிறவருக்குப் பக்கத்தில் ரேடியோ காலையில் இருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, காதில். நெய்வேலி மாதிரி திறந்தவெளிச் சுரங்கத்தில் டம்பர் லாரி பின்னால் வரும்போது அடிக்கும் ஹாரன், கன்வேயர் பெல்ட் கிளம்பும் முன் அடிக்கும் சைரன், இவைதான் அங்கே உயிர் காக்கிற சத்தம். இயர்போன் மாட்டினவருக்கு இரண்டும் கேட்காது. அதற்குத் தடை போடவேண்டியது இயர்போனுக்கு, அந்த இடத்தில். போனில் இருந்து பாட்டை நீக்கினாலும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் கேட்க அதே இயர்போனை மாட்டத்தான் போகிறார்.

எஃப்.எம். ரேடியோவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா நம்ம மாவட்டத்துக்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் பக்கம் கரை ஏறினபோது நமக்கு ஏழெட்டு வயசு. கரண்ட் இல்லை, டவர் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் 107.8 அலைவரிசையில் பேரிடர் கால வானொலி ஒன்று நடத்தினார்கள். அதைக் கேட்க நெட் பேக் தேவையில்லை, போனில் எஃப்.எம். வேலை செய்தால் போதும். ஆனால் புதுப் போன்களில் அந்த வசதியைத்தான் கம்பெனிகள் முதலில் கழற்றின. சில மாடல்களில் சிப் உள்ளே இருந்தும் முடக்கி வைத்தார்கள். 2023 ஏப்ரலில் மத்திய எலக்ட்ரானிக்ஸ் அமைச்சகமே போன் தயாரிப்பாளர்களுக்கு எஃப்.எம்.மை முடக்காதீர்கள் என்று அறிவுறுத்தியது. அவர்கள் சொன்ன முக்கியமான காரணம், பேரிடர்.

அடுத்தது கேமரா

இதுதான் சிக்கலானது. ஐ.வி. போன எல்லாருக்கும் தெரியும். சில பிளான்ட்டில் கேட்டிலேயே போனை வாங்கி டோக்கன் கொடுத்துவிடுவார்கள். சில இடத்தில் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், திரும்பி வரும்போது அது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிரெடிட் கார்டு விவரம் ஓடுகிற பி.பி.ஓ. ஃப்ளோரில் போன் மட்டும் இல்லை, பேனா பேப்பர்கூட வெளியே லாக்கரில்தான். ஒரு ஸ்க்ரீனை ஒரு கிளிக்கில் வெளியே கொண்டு போய்விடலாம் என்பதால்தான் இத்தனையும். சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் பையன்களுக்கு ராணுவ முகாமுக்குள் கேமரா போன் கூடாது என்று இருந்த காலத்தில், கேமராவைக் கழற்றி எடுத்த போன்களைக் கடையிலேயே விற்றார்கள். புது ஐபோனை வாங்கி அதன் கண்ணைப் பிடுங்கி விற்பது!

பிடுங்குவது மிக உறுதியான வழிதான். ஆனால் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் இன்று பெரும்பாலும் நடப்பது சாஃப்ட்வேர் பூட்டு. ஆண்ட்ராய்டு 4.0-லேயே இதற்கு ஒரு கட்டளை வந்துவிட்டது. நிர்வாகி ஆப் ஒன்று "கேமரா வேண்டாம்" என்று சொன்னால் சிஸ்டமே கேமராவை எந்த ஆப்புக்கும் திறந்துவிடாது. நீங்க வேற கேமரா ஆப் இறக்கினாலும் அதே கதைதான்.

அந்த நிர்வாகிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதைத்தான் நீங்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்கணும். போன் உங்களுடையது, கம்பெனி மெயில் மட்டும் உள்ளே வருகிறது என்றால் பொதுவாக "வொர்க் ப்ரொஃபைல்" என்று தனி அறை மாதிரி ஒன்று உருவாகும். 2014-ல் ஆண்ட்ராய்டு 5-ஓடு வந்தது இது. ஆபீஸ் ஆப்களின் ஐகானில் சின்னதாக ஒரு சூட்கேஸ் படம் இருக்கும். அந்த அறைக்குள் கேமராவைப் பூட்டினால் அங்கே இருக்கிற ஆப்களுக்கு மட்டும்தான் பூட்டு, உங்க சொந்தக் கேமரா வழக்கம்போல ஓடும். கம்பெனி அந்த அறையைக் காலி செய்தாலும் உங்க போட்டோ போகாது. ஆனால் போனே கம்பெனியுடையது, முழுசாக அவர்கள் கட்டுப்பாட்டில் என்றால் கதை வேறு. கேமராவை மொத்தமாகப் பூட்டலாம், போனை எங்கிருந்தோ ஒரே கட்டளையில் துடைத்தும் விடலாம். அப்படிப்பட்ட போனில் அக்கா கல்யாண போட்டோவை வைக்காதீங்க.

இதுவரை கேமரா என்றால் ஆபத்து என்றே பேசினோம். திருப்பிப் பாருங்க. க்யூ.ஆர். கோடு பிறந்ததே ஒரு ஃபேக்டரி வேலைக்கு. ஜப்பானின் டென்ஸோ வேவ் 1994-ல் கார் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது அது. அதைப் படிக்கத் தனி ஸ்கேனர் வாங்கிய காலம் போய், இன்று குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டு பூக்கடை வரைக்கும் போன் கேமராதான் ஸ்கேனர். லுங்கி டிசைனைக் கேட்கிற வியாபாரி போட்டோதான் அனுப்புகிறார். எரிந்துபோன மோட்டாரின் நேம் பிளேட்டை எழுதி அனுப்புவதைவிட போட்டோ எடுத்து அனுப்பினால் எலக்ட்ரீஷியனுக்கு நம்பர் மாறாது. இதில் பொழுதுபோக்கு எங்கே இருக்கிறது?

இதைவிடப் பெரிய உதாரணம் நம்ம கிராமங்களில் இருக்கிறது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவை போன் ஆப் வழியாக எடுக்கும் முறை 2021 மே மாதம் தொடங்கியது. 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பணிகள் தவிர மற்ற எல்லா இடத்திலும் கட்டாயம் ஆனது. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளில் இரண்டு முறை வேலை செய்பவர்களைப் போட்டோ எடுத்து, இடக்குறியோடு ஏற்ற வேண்டும். யோசித்துப் பாருங்க. அந்தக் கேமரா சரியாக வேலை செய்யாவிட்டால் ஏரிக்கரையில் மண் அள்ளிய அம்மாவின் அன்றைய கூலி கேள்விக்குறி. அங்கன்வாடியிலும் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் போன் கேமராவில் காட்டிச் சரிபார்க்கும் முறை வந்திருக்கிறது.

இத்தனைக்கும் கேமரா ஒரு விஷயத்தைத் தானாக நிரூபித்துவிடாது. பழைய போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. கேமராவை நம்பி மனுஷனை எடுத்துவிட்டால் இதுதான் நடக்கும்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் போஷண் திட்டத்தில் போன் கொடுத்தார்கள், சரி. நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருப்பவர் பெரும்பாலும் தன் சொந்தப் போனை, தன் சொந்த ரீசார்ஜைத்தான் வேலைக்குப் போடுகிறார். வீட்டில் பசங்க ரீல்ஸ் பார்க்கிற அதே போன், பகலில் அரசாங்க வருகைப் பதிவேடு. ஒரு கம்பெனி தன் ரகசியத்துக்காகக் கேமராவைப் பூட்ட உரிமை கேட்கிறது. அப்படியென்றால் வேலைக்குக் கேமரா வேண்டும் என்று சொல்கிற இடம் அந்தக் கேமராவுக்கான காசையும் கொடுக்கணும் இல்லையா?

அதனால் என் பக்கம் இது. பாட்டு இருந்துவிட்டுப் போகட்டும். எஃப்.எம். கண்டிப்பாக இருக்கட்டும். கேமரா இருக்கட்டும், ஆனால் பூட்டும் சாவியும் எந்த இடத்தில், யார் கையில் என்பது எழுத்தில் இருக்கட்டும். சுரங்கத்துக்குள், சர்வர் ரூமுக்குள் பூட்டுங்கள். கேன்டீனில் ஏன் பூட்டணும்?

ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. ஜாயினிங் அன்றைக்கு ஐ.டி. டீமிடம் கேட்க மூன்று கேள்வி போதும். இது வொர்க் ப்ரொஃபைலா, முழுக் கட்டுப்பாடா? கேமராவும் லொகேஷனும் ஆபீஸ் நேரத்துக்கு வெளியேயும் உங்கள் கையிலா? என் சொந்த போன் என்றால் டேட்டா காசு யார் தருவது? மூன்றாவது கேள்விக்கு அவர் ஹெச்.ஆர். பக்கம் கையைக் காட்டுவார். அங்கேயும் போய்க் கேளுங்க.