ஐம்பது பெயரைக் கொடுத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் உறுப்பினர்கள், ஒன்பது கிளைகள். கிளைக்கு ஒரு எக்செல் கோப்பு. யார் யாருக்குச் சந்தா பாக்கி என்று கேட்டால் பொருளாளராலேயே சொல்ல முடியவில்லை. இரண்டு நிறுவனத்தார் வந்து மென்பொருளைக் காட்டினார்கள். இரண்டுமே நன்றாக இருந்தன. எதை வாங்கலாம்?
- சங்கச் செயலாளர், திருச்சி மாவட்டம்

பதில்: ஐயா, அவர்கள் காட்டியது அவர்களே தயாரித்த மாதிரிப் பட்டியல், அதனால்தான் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. உங்கள் கோப்புகளில் சிக்கலான ஐம்பது பேரைப் பொறுக்கி, கைபேசி எண்ணையும் முகவரியையும் மாற்றிவிட்டு இருவரிடமும் கொடுங்கள். ஏற்றிக் காட்டட்டும்.

பெயரிலேயே பாதி தெரிந்துவிடும். பல மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாகக் கேட்கும். நம்மிடம் இருப்பதோ இனிஷியலும் பெயரும். ஒரு கிளையில் ‘கே. முருகேசன்’, இன்னொன்றில் ‘முருகேசன் கே.’, மற்றொன்றில் வெறும் ‘முருகேசன்’ என்று இருந்தால் ஒரே ஆள் மூவராகிவிடுவார். கைபேசி எண்ணை வைத்தாவது ‘இவர் ஏற்கெனவே இருக்கிறார்’ என்று மென்பொருள் எச்சரிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தேடினால் எதுவும் கிடைக்காது.

அடுத்தது சந்தா. எக்செல்லில் ஆண்டுக்கு ஒரு கட்டம் போட்டு ‘கட்டினார்’ என்று குறிக்கிறோம். மென்பொருளில் ஒவ்வொரு ரசீதும் தனிப் பதிவாக உறுப்பினர் எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் பாக்கிப் பட்டியலும், பேரவைக் கூட்டத்தில் ஓட்டுரிமை உள்ளவர் பட்டியலும் தானாக வரும். காலமானவரை அழித்துவிடாதீர்கள், ‘காலமானார்’ என்று குறியுங்கள். குடும்ப ஓய்வூதியம் பெறும் துணைவர் சேர்ந்தால் புது எண் கொடுத்துப் பழைய எண்ணோடு இணையுங்கள். ஒருவரின் எண்ணை இன்னொருவருக்கு ஒருபோதும் தரக் கூடாது. சங்கங்கள் பதிவுச் சட்டம் (1975) கேட்கும் உறுப்பினர் பதிவேட்டையும் அச்செடுக்க முடிகிறதா என்று பாருங்கள்.

உறுப்பினர் அமைப்புகளை மனதில் வைத்தே எழுதப்பட்ட இலவச மென்பொருள் ஒன்று உண்டு: சிவிசிஆர்எம். வேர்ட்பிரஸ், துருபல் தளங்களோடு இயங்கும். உரிமக் கட்டணம் இல்லை. சர்வர் வாடகையும் பராமரிக்க விவரம் தெரிந்த ஆளும் தேவை. அந்த ஆள் இல்லாவிட்டால் இதில் இறங்க வேண்டாம்.

ஆதார் எண்ணைக் கேட்டு வாங்காதீர்கள். சந்தா வசூலிக்க அது எதற்கு? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே 2023-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. தேவையில்லாத விவரத்தைச் சேர்த்துவைத்தால் காக்கும் பொறுப்பும் சங்கத்தின் தலையில்தான்.

பணம் கட்டுமுன் இன்னொன்று. ஏற்றிய ஐம்பது பேரையும் ரசீதுகளோடு சிஎஸ்வி கோப்பாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் அப்படியே தருவோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தயங்கும் நிறுவனத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.