பழைய டிரில்லிங் மெஷினுக்குப் புத்துயிர்



பலசரக்கு வியாபாரிக்குப் பட்டறைப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். கடை ராக்கை, மூட்டைத் தள்ளுவண்டி, ஷட்டர் பட்டை, எதில் ஒரு துளை போட வேண்டுமானாலும் பட்டறைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்கிறோம். வீட்டுக் கொல்லையில் ஒரு டிரில்லிங் மெஷின் இருந்தால் அந்த வேலை நம் கையிலேயே முடியும். பழையதை வாங்கிச் சீர்செய்வது நம் வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. வெளிநாட்டார் கழித்த ஆப்செட் அச்சு இயந்திரங்களை வாங்கிச் சீராக்கி ஓட்டிய அச்சகங்கள் சிவகாசியில் உண்டு.

கொள்முதலில்தான் லாபம்

பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்குவோமா? ஆனால் நாம் முதலில் வாங்கிய மெஷினைப் புதுப் பெயிண்டைப் பார்த்தே வாங்கிவிட்டோம். ஸ்பிண்டில் வளைந்திருந்தது. கடைசியில் பழைய இரும்பாக எடைக்குப் போட்டோம். ஆகவே, வாங்குமுன் சக்கைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். நுனி ஆடினால் வேண்டாம். வார்ப்பிரும்பில் வெடிப்பு இருந்தாலும் வேண்டாம். துரு, கிழிந்த பெல்ட், சத்தம் போடும் பேரிங் ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டாம். அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

பிரிக்கும் முறை

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் சாக்கின் மேல் வரிசையாக வைத்துச் சீட்டுக் கட்டுங்கள். கைப்பிடியை மேலே இழுக்கும் சுருள் ஸ்பிரிங்கை அவசரமாகக் கழற்றினால் கையைக் கிழித்துவிடும், மெதுவாகத் தளர்த்துங்கள். பேரிங்கின் மேல் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6203 என்றிருந்தால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிப்பு 12. எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் அளவு ஒன்றே.

துரு நீக்க மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, சிறு பாகங்களை இரவு ஊறவையுங்கள். காலையில் தேய்த்து, சலவை சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். தாமதித்தால் மீண்டும் துரு பூக்கும். மோட்டாரையும் பேரிங்கையும் இதில் போடக்கூடாது.

பொறி பறக்கும் வேலை

இரண்டாவது மெஷினின் தூணை மின்சாரக் கம்பிச் சக்கரத்தால் தேய்க்க எடுத்துக்கொண்டு, தீபாவளிக்காக உரிமம் பெற்றுப் போட்டிருந்த நம் பட்டாசுக் கடையின் பின்புறமே உட்கார்ந்தோம். முன்பு பட்டாசு ஆலையில் வேலை பார்த்த, மூட்டை தூக்கும் தம்பி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். "அண்ணாச்சி, ஒரு பொறி போதும்" என்றார். பட்டாசு ஆலைகளில் பொறி வராத மரக் கருவியும் பித்தளைக் கருவியும் வைத்திருப்பதை அறிந்தும் நாம் மறந்தோம். சரக்கு இருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

ஓட்டுமுன்

எர்த் இணைப்பைச் சோதியுங்கள். மோட்டார் 1440 சுற்று, அதன் புல்லி 2 அங்குலம், ஸ்பிண்டில் புல்லி 4 அங்குலம் என்றால் 720 சுற்று கிடைக்கும். பெரிய டிரில்லுக்கு வேகம் குறைய வேண்டும். கையுறை, தோளில் துண்டு இரண்டும் கூடாது; சுற்றி இழுத்துவிடும். சக் சாவியை எடுத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். துளையிடும் பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் இறுக்குங்கள்.

செலவை முதல் நாளிலிருந்தே பேரேட்டில் எழுதி வாருங்கள். புது மெஷின் விலையை நெருங்கினால் நிறுத்திவிடுவதே வியாபாரம். நம் இரண்டாவது மெஷின் அந்தக் கணக்கில் தேறியது. போன வாரம் தள்ளுவண்டி அச்சுக்குத் துளை போட்டோம். போட்டவர் அந்தத் தம்பிதான்.