காதால் படிக்கும் கையேடு

ஆண்டாப் ஹில்லில் எங்கள் கட்டடத்தில் வசிக்கும் பெரியவர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பின் பார்வையை இழந்தார். கணினித் திரையிலுள்ளதைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் மென்பொருளை விடாமுயற்சியுடன் பழகிக்கொண்டார். ஒருநாள், பணம் அனுப்பும் செயலி ஒன்றின் தமிழ்க் கையேட்டைத் திறந்தார். தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் ஒலித்தன. வேறு வழியின்றிப் பேரனை அழைத்தார். பேரன் நல்ல பிள்ளைதான். ஆயினும் அன்று முதல் தாத்தாவின் இரகசிய எண் இருவருக்குத் தெரிந்ததாயிற்று.

பிழை எங்கே? அக்கையேடு பழைய எழுத்துருவில் அமைந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் ‘வங்கி’ என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் ‘டி, கியூ, அரைப்புள்ளி, எஃப், பி’ என்றே பதிவாகியிருக்கும். கண் ஏமாறும், திரைவாசிப்பான் உள்ளதை உள்ளபடி படித்துவிடும். தாளைப் படமெடுத்துக் கோப்பாக்கினால் இன்னும் மோசம்: அங்கே படிக்க எழுத்தே இல்லை. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய கோப்புகள் மட்டும் இன்னும் உலவுகின்றன.

எழுத்து சரியானால் போதாது. தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் விடாமல், தலைப்பு என்றே கோப்பில் குறிக்க வேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானில் ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். குறிப்பில்லாத கையேட்டில் ‘கடவுச்சொல்லை மாற்றுதல்’ பகுதியைத் தேட முதலிலிருந்து கேட்டு வரவேண்டியதுதான்.

நடையிலும் கவனம் தேவை. ‘வலப்புறமுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துக’ என்பது பார்வையற்றவருக்கு ஒன்றும் சொல்வதில்லை. ‘“உறுதிசெய்” என்னும் பொத்தானை அழுத்துக’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். படத்தில் மட்டும் காட்டியதைச் சொற்களிலும் எழுத வேண்டும்.

இவ்வாறு செப்பமுற்ற ஒரே மூலக்கோப்பிலிருந்து பெரிய எழுத்து அச்சும், பிரெயிலும், உரையும் ஒலியும் இணைந்து செல்லும் டெய்சி நூலும் பிறக்கும். பாரதி பிரெயிலில் தமிழ் ‘க’வுக்கும் மராத்தி ‘க’வுக்கும் புள்ளிகள் ஒன்றே என்பது மும்பைத் தமிழர் பலர் அறியாத செய்தி.

இது தயவு சார்ந்த செயலன்று. இணையவழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமிலவீச்சால் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை.

உங்களிடமுள்ள கோப்பைச் சோதிக்க எளிய வழி உண்டு: ஒரு வரியை நகலெடுத்துக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் ஒருங்குறி. ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால் பழைய எழுத்துரு.

பெரியவருக்காக அக்கையேட்டை ஒருங்குறியில் தட்டச்சு செய்து தந்தோம். இரண்டு மாலைகள் பிடித்தன. மூன்றாம் நாள் அவரே தம் இரகசிய எண்ணை மாற்றிக்கொண்டார், பேரனுக்குச் சொல்லவில்லை.