பரிசுப் பட்டியல் தரும் பாடம்

சரக்கில் புதுமை இருந்தால் மட்டும் போதாது. அதை எடுத்துக் காட்டவும் ஆள் வேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு அமெரிக்காவில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974-இல் வெளிவந்தபோது அச்சிட்டவை 1000 பெட்டிகளே.

இன்று இத்தொழிலில் பெயர் பெற்ற 'என்னி' விருதுகள் 2001-இல் தொடங்கின. வெளியீட்டாளர்கள் படைப்புகளை அனுப்புவார்கள். ரசிகர்கள் வாக்களித்து அமர்த்திய நடுவர்கள் அவற்றை ஆராய்ந்து பட்டியல் இடுவார்கள். அதன் பிறகே பரிசுக்கான பொது வாக்கெடுப்பு.

நாம் கவனிக்க வேண்டியது இந்த வரிசையை. வாக்கெடுப்பு மட்டுமே இருந்தால் பெரிய நிறுவனத்தின் பெயரே முந்தும். முதலில் தரம் பார்ப்பதால் சிறியவருக்கும் வழி பிறக்கிறது. சுவீடனில் உருவான 'மோர்க் போர்க்' 2020-இல் ஆண்டின் சிறந்த படைப்புக்கான தங்க விருதைப் பெற்றது.

நம் கடைத் தட்டும் அப்படி ஒரு பட்டியல்தான். ஓடுகிற சரக்கை மட்டுமே அடுக்கினால், நாளை ஓடப்போகும் சரக்கு நம்மைத் தாண்டிப் போய்விடும். ஆகவே, மாதிரியோடு வருபவரைத் திருப்பி அனுப்பும் முன் பிரித்துப் பார்ப்போம். தரமிருந்தால் கொஞ்சம் எடுத்து வைப்போம். தீர்ப்பை வாடிக்கையாளர் சொல்லட்டும்.