தூண்டில் நரம்பு வெட்ட எதை எடுத்துப்போகலாம்?

தென்காசிப் பக்கம் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஆண்டில் இரண்டு பருவம் உண்டு. ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் ஓடும்போது ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிரம்பி மறுகால் பாயும்போது இன்னொன்று. கம்பு, முள், தக்கை, மண்புழு என்று எல்லாம் எடுத்துவைப்பவர்கள்கூட நரம்பு வெட்ட ஒன்றும் எடுத்துப்போவதில்லை. பல்தான் இருக்கிறதே என்ற நினைப்பு!

1. தங்கூசி நரம்புக்கு நகவெட்டியை மிஞ்சியது இல்லை. கால் நகம் வெட்டும் பெரிய அளவு, வாய் வளையாமல் நேராக இருப்பதாகப் பாருங்கள். முடிச்சை ஒட்டி வெட்டலாம். மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். பாசி பிடித்த படிக்கட்டில் ஈரக்கையோடு கத்தியைத் திறந்து வைத்திருப்பது ஆபத்து. பிள்ளைகள் கூட வந்தால் கேட்கவே வேண்டாம்.

2. கடைக்குப் போகும்போது ஒரு முழம் நரம்பைக் கையோடு கொண்டுபோங்கள். நகவெட்டியின் வாயை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். பிறகு நரம்பை வெட்டிப் பாருங்கள். ஒரே அழுத்தில் துண்டாக வேண்டும். நுனி நசுங்கினால் அடுத்ததைக் கேளுங்கள்.

3. அரம் உள்ளதாக வாங்குங்கள். கல்லில் உரசி மழுங்கிய முள்ளை அதிலேயே தீட்டலாம். அரத்தின் கூர்முனை, சிக்கு விழுந்த முடிச்சை நெம்பி அவிழ்க்க உதவும்.

4. விராலுக்குப் பின்னல் நூல் கட்டுகிறவர்களுக்கு நகவெட்டி போதாது, இழை வழுக்கும். கூரான சின்னக் கத்தரிக்கோல் வேண்டும். விளிம்பில் நுண்ணிய பல் இருந்தால் நூல் நழுவாது.

5. இரண்டாவதாக ஒன்று வாங்க முடிந்தால், வெட்டும் வாயும் உள்ள மூக்குக்குறடு வாங்குங்கள். கெளுத்தியின் வாயிலிருந்து முள்ளை எடுக்க விரலை விடவேண்டியதில்லை. அந்த மீனின் முள் குத்தினால் எப்படிக் கடுக்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். ஈயக்குண்டை இறுக்கவும் இதுதான் சரி. ஈயம் நஞ்சு, பல்லில் வைக்கவே கூடாது.

6. நரம்பையும் பல்லால் கடிக்காதீர்கள், பல்லின் விளிம்பு சில்லுவிடும். தீக்குச்சி, பீடி நெருப்பால் அறுப்பதும் தவறு. சூடு பட்ட இடத்தில் நைலான் வலுவிழக்கும். நல்ல மீன் இழுக்கும்போது அங்கேதான் அறும். முடிச்சை நனைத்து இறுக்கி, இரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் போதும்.

7. சாரல் ஈரத்தில் சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். எவர்சில்வரே நல்லது. வீடு திரும்பியதும் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள். சிவப்புக் கயிறு கட்டிக் கழுத்திலோ பொத்தான் துளையிலோ மாட்டினால், புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும்.

8. வெட்டிய நரம்பை அங்கேயே போட்டுவிடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். நைலான் மக்காது. 2011 முதல் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தென்காசி மாவட்டக் குளங்களும் உண்டு. அந்த அளவுக்கு இங்கே பறவைகள் வருகின்றன. கொக்கு, நாரையின் காலில் நரம்பு சுற்றினால் அதனால் அவிழ்த்துக்கொள்ள முடியாது. இறுகி இறுகிக் காலையே அறுத்துவிடும். மூடியுள்ள பழைய பாட்டிலில் துண்டுகளைச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பொடியாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். தூண்டில் முள் புதரில் மாட்டினாலும் வெடுக்கென்று இழுத்து அறுக்காமல், எட்டும் மட்டும் கிட்டே போய் வெட்டுங்கள். தண்ணீரில் தங்கும் நரம்பின் நீளம் குறையும்.

9. பல குளங்களில் மீன் பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கரையில் விசாரித்துவிட்டுத் தூண்டிலைப் போடுங்கள். புலிகள் காப்பகக் காட்டுக்குள் போடவே கூடாது.

10. முள் விரலில் ஏறிவிட்டால் முதலில் நரம்பை வெட்டிவிடுங்கள், இழுபடாமல் இருக்கும். கொண்டி உள்ளே போயிருந்தால் பிடுங்காமல், முள்ளை அசையாதபடி துணியால் கட்டி மருத்துவமனைக்குப் போங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.