முதலில் தகரத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிற சிமென்ட் ஆலை ஆலங்குளம். அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கிக் கடைசிவரை ஓட்டினார். போன வருடம் தவறிவிட்டார். வண்டியை விற்க அம்மாவுக்கு மனம் இல்லை, எனக்கும் இல்லை. எஞ்சின் நன்றாக இருக்கிறது. உள்ளே தரையில் போட்டிருக்கும் கார்ப்பெட்தான் மோசம். ஊரில் யார் வீடு கட்டினாலும் அப்பா வண்டியில்தான் சிமென்ட் மூட்டை போகும். பின்சீட்டுக்கு முன்னால் கார்ப்பெட் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு டிரைவர் பக்கம் ஒரு ஊறல் வாடை வேறு. ஷாம்பு வாஷ் செய்தால் போதும் என்கிறார் ஒருவர். ராஜபாளையத்தில் ஒரு கடையில், இருக்கிற கார்ப்பெட்டின் மேலேயே முழுத் தரைக்கும் ஃப்ளோர் மேட்டிங் ஒட்டித் தருகிறோம், ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள். அம்மாவோ, அப்பா வாங்கிவைத்த பவானி ஜமக்காளம் ஒன்று பரணில் இருக்கிறது, அதை விரித்தால் என்ன என்கிறார். எதைச் செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, மூன்றில் எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழில் மேலே ஒட்டுவது. ஆனால் ஊறல் வாடை அடிக்கிற தரையின் மேல் காற்றுப் புகாத ரெக்சினை ஒட்டுவது, ஈரத் துணியைப் பாலிதீன் பையில் கட்டிப் பெட்டிக்குள் வைப்பதற்குச் சமம். மேலே பளபளவென்று இருக்கும். அடியில் தகரம் இற்றுக்கொண்டே போகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குஷன் வேலைக்கு வந்த புதிதில் ஒரு டாக்டர் வீட்டு வண்டிக்குக் கார்ப்பெட் மாற்றினேன். பழைய ஃபெல்ட் கொஞ்சம் ஈரமாக இருந்தது. வெயிலில் நின்றால் காய்ந்துவிடும் என்று அதன் மேலேயே பசை தடவிப் புதியதை ஒட்டிவிட்டேன். ஒரு மழைக்காலம் போனது. டிரைவர் கிளச்சை மிதித்தபோது குதிகால் கார்ப்பெட்டோடு கீழே இறங்கிவிட்டது. டாக்டர் திட்டவில்லை. அந்த டிரைவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

கார்ப்பெட் லேசில் கெடாது. அதற்கு அடியில் இருக்கிற சணல் ஃபெல்ட்டும் ஸ்பாஞ்சும்தான் வில்லன்கள். ஒரு முறை தண்ணீர் குடித்தால் வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும். கீழே தகரத்தோடு ஒட்டி ஈரம் உட்கார்ந்திருக்கும். அம்பாசிடருக்கு லாரி மாதிரித் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். நீங்கள் கால் வைக்கிற தரையும் கதவுக்கு அடியில் ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதியும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அதனால் தரையில் ஓட்டை விழுவது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது பாடியின் நிலையையும் பார்ப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சிமென்ட் சங்கதிக்கு வருகிறேன். ஆலை ஊர்க்காரர் என்பதால் ஒரு கேள்வி உங்களுக்கே எழுந்திருக்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கிறதே, சிமென்ட் படிந்தால் தகரத்துக்கு நல்லதுதானே? கம்பியைக் காப்பது சிமென்ட்டின் காரத்தன்மை. புதுக் கான்கிரீட்டில் பிஎச் 12-க்கு மேல் இருக்கும். அதில் இரும்பின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகும். ஆனால் காற்றிலிருக்கும் கரியமில வாயு நாளாக நாளாக அந்தக் காரத்தைத் தின்றுவிடும். கம்பியைச் சுற்றி அங்குலக் கணக்கில் கான்கிரீட் இருப்பதால் அங்கே அதற்குப் பல வருடம் ஆகும். உங்கள் கார்ப்பெட்டில் இருப்பதோ மெல்லிய தூள். அதன் காரம் எப்போதோ போயிருக்கும். மிஞ்சியது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கிற ஒரு சுண்ணாம்புப் பாளம்தான். மூட்டை வைத்த இடத்தில் துரு அதிகமாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஷாம்பு வாஷ் ஏன் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. இன்னும் இறுகாத தூள் நார்களுக்கு நடுவே மிச்சம் இருந்தால், நீங்கள் ஊற்றுகிற தண்ணீரில் அதுவும் கட்டிக்கொள்ளும். கார்ப்பெட்டை வெளியே எடுத்து, கொடியில் போட்டு, பின்பக்கத்திலிருந்து கம்பால் அடியுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஓடாக இறுகிய இடம் எதற்கும் அசையாது. பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் கரையும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். நைலான் கார்ப்பெட்டாக இருந்தால் ஆசிட் அதையும் அரிக்கும், அந்தப் புகை பக்கத்தில் இருக்கும் இரும்பையெல்லாம் துருவேற்றும். உங்கள் பின்பக்கக் கார்ப்பெட்டைக் காப்பாற்ற முடியாது. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதியதை வெட்ட அதுதான் அளவு.

கழற்றுவது கஷ்டம் இல்லை. பின்சீட்டின் உட்காரும் பகுதியைத் தூக்கி எடுத்துவிடலாம். முன்சீட் போல்ட்டுகள் துருவேறி இருக்கும். முதல் நாள் இரவே டீசலும் கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டுவையுங்கள். கதவு வாசலில் ஓடுகிற அலுமினியப் பட்டையை எடுக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். அதற்கு அடியில் வெயிலும் செருப்பும் படாத ஒரு விரற்கடை அகலம் இருக்கும். கார்ப்பெட்டின் உண்மையான நிறம் அங்கேதான் தெரியும். அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஞாபகத்தில் இருக்கும் நிறத்தை நம்பாதீர்கள், அது எப்போதும் கொஞ்சம் அழகாகவே இருக்கும்.

பழைய வண்டி என்கிறீர்கள். ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்திருப்பார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெம்பக்கோட்டையில் 2022-இல் அகழாய்வு தொடங்கினார்களே, அதே மாதிரிதான் இதுவும். மேலே கார்ப்பெட், அதற்குக் கீழே யாரோ போட்ட ரப்பர் மேட், அதற்கும் கீழே கறுத்துப்போன ஃபெல்ட், நடுவில் ஐம்பது பைசாக் காசும் ஹேர்பின்னும். எல்லாவற்றையும் எடுங்கள். வெறும் தகரம் தெரிய வேண்டும். அது வரைக்கும் கடைக்குப் போகாதீர்கள்.

இப்போது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். இதுதான் வேலையில் பாதி. வாடை டிரைவர் பக்கம் என்பதால் என் சந்தேகம் முன்கண்ணாடி ரப்பர் பீடிங் மேலும், எஞ்சின் பக்கத்துத் தகரத்தில் ஒயர்களும் பெடல் கம்பிகளும் நுழைகிற ஓட்டைகளின் ரப்பர் மேலும்தான். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை மண் அடைத்துக் கிடந்தால் கதவுக்குள் இறங்கிய மழை வெளியே போகாமல் உள்பக்கம் வழியும். முதலில் அந்த ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். பிறகு தரை நன்றாகக் காய்ந்ததும் அந்த எஞ்சின் பக்கத்துத் தகரத்தின் அடியிலும் ஓரங்களிலும் காய்ந்த கோலப்பொடியை மெலிதாகத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே. இன்னொருவர் வெளியே ஓஸ் பைப்பைப் பீய்ச்சாமல், மழை மாதிரி மெதுவாக, கீழிருந்து மேலாகக் காட்ட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எது குற்றவாளி என்று தெரியாது. ஒரு சொட்டு இறங்கினாலும் கோலப்பொடியில் கோடு போட்டுக் காட்டிவிடும்.

ரப்பரை மாற்றுவது, ஓட்டையை அடைப்பது எல்லாம் எந்தப் பட்டறையிலும் நடக்கும். உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனாலும் இந்த ரப்பர் சாமான்களுக்கு இன்னும் பஞ்சமில்லை. மதுரையில் பழைய ஸ்பேர்ஸ் கடைகளில் கேளுங்கள்.

அடுத்தது தகரம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீர் என்னும், இற்ற இடம் பொத்தென்று சொல்லும். மேல் துருவாக இருந்தால் வயர் பிரஷ், துரு மாற்றித் திரவம், பிறகு பிரைமர். ரெட் ஆக்சைடு அடித்ததோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அது தனியாக நின்றால் நாளடைவில் ஈரத்தை உள்ளே விடும். அதன் மேல் பெயின்ட் ஒரு கோட் கட்டாயம்.

ஓட்டை விழுந்திருந்தால் ஃபைபர் துணியும் பட்டியும் வைத்து மூடித் தருகிறேன் என்கிற டிங்கரை வணங்கி அனுப்பிவிடுங்கள். நல்ல தகரம் வரும்வரை வெட்டி, 18 அல்லது 20 கேஜ் தகரத்தில் பேட்ச் வைத்து, சிஓ2 வெல்டிங் செய்ய வேண்டும். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தரை நெளியும். கையில் கிடைத்த ஜி.ஐ. ஷீட்டை அப்படியே வைத்து வெல்டிங் பிடிப்பதும் நடக்கிறது. அதன் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்று இரவு காய்ச்சல்தான். பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். தரைக்கு அடியில் பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் ஓடுவதை வெல்டருக்குத் தொட்டே காட்டுங்கள். வெளிச்சம் தெரிகிற எல்லா ஓட்டையும் துரு ஓட்டை இல்லை. தண்ணீர் வடிய என்றே வைத்தவையும் இருக்கும், அவற்றுக்கு ரப்பர் மூடி போதும், வெல்டிங் வேண்டாம்.

இனிமேல்தான் கார்ப்பெட். அம்பாசிடருக்கு அச்சில் வார்த்த கார்ப்பெட்டைத் தேடி அலைய வேண்டாம். வெட்டித் தைப்பதுதான் இதற்கு வழி. உங்கள் மார்க் 4-இல் கியர் ஸ்டியரிங்கிலேயே இருப்பதால் நடுமேட்டில் கியர் லிவருக்கென்று ஓட்டை வெட்டும் தலைவலியும் இல்லை. துணியில் இரண்டு வகை கிடைக்கும். பாலிபுரொப்பிலீன் விலை குறைவு, தண்ணீர் குடிக்காது. ஆனால் 160 டிகிரி சுமாரில் உருகிவிடும், சிகரெட் நெருப்புக்கே குழி விழும். நைலான் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும், மிதிபட்டாலும் நிமிரும். முன்பக்கத்துக்கு நைலான் போடுங்கள். பணம் இடித்தால் பின்பக்கத்துக்கு மற்றது போதும், யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அடியில் சணல் ஃபெல்ட் வேண்டாம். தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட் தனியாக இருக்கிறது. கடையில் ஒரு துண்டை வாங்கித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பார்த்து வாங்குங்கள்.

பழைய துண்டுகளைப் பிரவுன் பேப்பரில் வைத்து வரைந்து, அந்தப் பேப்பரை வண்டிக்குள் விரித்துச் சரிபார்த்த பிறகே துணியில் கத்தரி வைக்கச் சொல்லுங்கள். ஓரத்துக்கு ரெக்சின் பட்டி தைக்க வேண்டும். சட்டை தைக்கிற மெஷினில் ஊசி உடையும், குஷன் கடை மெஷின்தான் சரி. டிரைவர் குதிகால் படும் இடத்தில் ரப்பர் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பசையை நடுமேட்டிலும் செங்குத்தான பக்கங்களிலும் மட்டும் தடவட்டும். தட்டையான தரைக்குப் பசையே கூடாது. நான்கைந்து பிரஸ் பட்டன் போதும். இதில் மட்டும் கடைக்காரரோடு சண்டை போட்டாலும் பரவாயில்லை. மழைக்காலத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பார்க்க முடிய வேண்டும்.

அம்மாவின் ஜமக்காளம். பருத்தி நூலில் நெய்த பவானி ஜமக்காளம் தண்ணீரைக் குடிக்கும், வழுக்கவும் செய்யும். டிரைவர் காலடியில் அது கூடவே கூடாது. மடிந்து ஆக்சிலேட்டருக்கு அடியில் போய்விட்டால் ஆபத்து. 2009-இல் டொயோட்டா அமெரிக்காவில் ஏறக்குறைய 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இந்த மாதிரி விஷயத்துக்குத்தான்: மிதியடி நகர்ந்து ஆக்சிலேட்டர் பெடலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று. ஆனால் அம்மா கேட்டதை ஒரேயடியாக மறுக்க வேண்டாம். புதுக் கார்ப்பெட் போட்ட பிறகு பின்சீட்டில் உட்காரும் இடத்தில் விரித்துக் கொடுங்கள். திருவில்லிபுத்தூர் தேருக்குப் போய்வந்த பிறகு எடுத்து உதறி வெயிலில் போட்டால் சரி.

மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கினால் வெயில் உங்களுக்கு உதவும், ஐப்பசிக்குள் ஒன்றுக்கு இரண்டு முறை தண்ணீர் காட்டிச் சோதிக்கவும் நேரம் இருக்கும். தரையைத் திறந்ததும் டிரைவர் பக்கத்து முன் மூலையையும், மூட்டை வைத்த இடத்தையும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டியின் உள்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஓட்டை உள்ளங்கை அளவுக்குமேல் இருந்தாலோ, அந்தப் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினாலோ, கார்ப்பெட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் முதலில் எனக்கு எழுதுங்கள்.